தொரோங் லா கணவாயை நடந்து கடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப் பாதையில் இரண்டு முறை நடந்திருக்கிறேன். முதல் முறை கணவாய்க்குக் கீழே ஹை கேம்ப் என்ற தங்குமிடத்திலிருந்து திரும்பி வந்தேன். இரண்டு வருடம் கழித்து மறுபடி போய்க் கடந்தேன். அதிலிருந்து உறவினர்கள், அலுவலக நண்பர்கள், கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் முக்திநாத் கோயிலுக்குப் போக நினைக்கும் பெரியவர்கள் எனப் பலரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தொரோங் லா எங்கே இருக்கிறது?

நேபாளத்தின் மனாங் மாவட்டத்தையும் முஸ்தாங் மாவட்டத்தையும் இணைக்கும் கணவாய் இது. உயரம் 5,416 மீட்டர். திபெத்திய மொழியில் 'லா' என்றாலே கணவாய்தான். கிழக்கே மர்ஸ்யாங்டி ஆற்றுப் பள்ளத்தாக்கு, மேற்கே காளி கண்டகி பள்ளத்தாக்கு. கணவாயின் இரு பக்கமும் யாக்வாகாங், கத்துங்காங் என்று 6,400 மீட்டரைத் தாண்டிய இரண்டு மலைகள் நிற்கின்றன. மனாங், முஸ்தாங் மக்கள் ஆடு, யாக், உப்பு, தானியம் எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாக இந்த வழியாகத்தான் கொண்டுபோய் வந்தார்கள். மனாங் பகுதி வெளிநாட்டு நடைப்பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது 1977இல்.

கயிறு கட்டி ஏறும் மலையேற்றம் கிடையாது. பருவ காலத்தில், பனி அதிகம் விழாத நாளில், இது நடக்கிற பாதைதான். அதனாலேயே பலர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

மொத்தம் எத்தனை நாள் ஆகும்?

பெசிசஹரில் (760 மீட்டர்) தொடங்கி, கணவாயைத் தாண்டி ஜோம்சோமில் முடித்தால் 12 முதல் 14 நாள். அங்கிருந்து தாதோபானி, கோரேபானி வழியாக நடந்தே நயாபுல் வரை போனால் இன்னும் ஐந்தாறு நாள் கூடும். ஊரிலிருந்து கிளம்பித் திரும்பி வரும் நாட்களையும் சேர்த்து மூன்று வாரம் விடுப்பு எடுக்க முடிந்தால் நிம்மதியாகப் போகலாம். பத்து நாள்தான் கிடைக்கும் என்றால், தயவுசெய்து வேறொரு நடைப்பாதையைத் தேர்ந்தெடுங்கள். அவசரப்படுகிறவர்களுக்கு ஏற்ற இடம் இதுவல்ல.

மேலே காற்று குறைவு என்கிறார்களே, உடம்புக்கு என்னதான் ஆகிறது?

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எல்லா உயரத்திலும் ஏறக்குறைய 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். தொரோங் லா உச்சியில் கடல் மட்டத்து அழுத்தத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். அதாவது நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஆக்சிஜன்தான் வருகிறது.

உடம்பு இதை ஈடுகட்ட வேகமாக மூச்சு விடுகிறது. அப்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடிவிடுகிறது. உடனே மூளை 'மூச்சைக் குறை' என்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இதனால்தான். சிறுநீரகம் அந்தக் காரத்தை மெல்ல வெளியேற்றிச் சமநிலைக்குக் கொண்டுவரும். ஆனால் அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். ஜிம்முக்குப் போகிறவர், மாரத்தான் ஓடுகிறவர் என்று அது பார்ப்பதில்லை. நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்கள் படுத்துவிட, அறுபது வயதுப் பெண்மணி நிதானமாகக் கடந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன்.

ஜீப்பிலேயே மனாங் வரை போய்விட்டால் ஐந்து நாள் மிச்சமாகுமே?

இப்போது மனாங் வரை ஜீப் ஓடுகிறது, உண்மைதான். எல்லாரும் கேட்கிற இந்தக் கேள்விக்குத்தான் நான் கடுமையாகப் பதில் சொல்வேன். பெசிசஹரிலிருந்து ஒரே நாளில் 3,540 மீட்டருக்கு ஏற்றி இறக்கிவிட்டால், உங்கள் உடம்பு இன்னும் 760 மீட்டரில்தான் இருக்கும். அடுத்த மூன்று நாளில் கணவாய்க்கு நடந்தால் விபரீதத்தில் முடியலாம். கணவாயைக் கடப்பது அந்த ஒரு நாளில் நடக்கிற காரியம் என்று நினைக்கிறோம். அதற்கு முன்னால் தூங்கிய பத்து இரவுகளில்தான் அது நடக்கிறது.

நாள் பற்றாது என்றால் சாமே (2,670 மீட்டர்) வரை ஜீப்பில் போகலாம். ஏறக்குறைய நம் தொட்டபெட்டா உயரம்தான். அங்கே ஒரு இரவு, முடிந்தால் இரண்டு இரவு தங்கிவிட்டு நடையைத் தொடங்குங்கள்.

எந்த ஊரில் எத்தனை இரவு தங்குவது?

3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு, முந்தின இரவு தூங்கிய உயரத்தைவிட அடுத்த இரவு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே ஊரில் கூடுதலாக ஒரு இரவு. பகலில் எவ்வளவு உயரம் ஏறினாலும் பரவாயில்லை, இரவில் எங்கே படுக்கிறோம் என்பதுதான் கணக்கு.

நான் இரண்டாம் முறை போனபோது இப்படித் தங்கினேன்: சாமே ஒரு இரவு. மேல் பிசாங் (3,300) ஒரு இரவு. அங்கிருந்து ஆற்றோரப் பாதையில் போகாமல் க்யாரு, ஙாவல் கிராமங்கள் வழியாக மேல் பாதை. ஙாவலில் ஒரு இரவு. மனாங்கில் மூன்று இரவு. யாக் கர்காவில் (சுமார் 4,050) ஒன்று, லேதாரில் (4,200) ஒன்று, கணவாயின் அடிவாரமான தொரோங் பீடியில் (சுமார் 4,450) ஒன்று. லேதாரில் தங்கியது தேவையில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். தொட்டதெல்லாம் சுடும் என்று ஒருமுறை சூடுபட்டவனுக்குத் தெரியும், அதனால் நான் தங்கினேன்.

மேல் பாதையைத் தவறவிடாதீர்கள். க்யாருவுக்கு ஏறும் ஏற்றம் செங்குத்து. மூச்சு வாங்கும். ஆனால் மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் எதிரே 7,937 மீட்டர் உயர இரண்டாம் அன்னபூர்ணா அப்படியே நிற்கும். பாதைக் குறிகளையும் கவனியுங்கள். முக்கியப் பாதைக்குச் சிவப்பு வெள்ளைக் கோடு, கிளைப் பாதைக்கு நீலம் வெள்ளைக் கோடு. இதைப் பார்த்து நடந்தால் பல இடங்களில் ஜீப் சாலையின் புழுதியைத் தவிர்த்துவிடலாம்.

மனாங்கில் மூன்று இரவு என்ன செய்வது?

சும்மா படுத்திருக்கக் கூடாது. பகலில் ஏறி, இரவில் இறங்கி வந்து தூங்க வேண்டும். ஊருக்கு எதிரேயே கங்காபூர்ணா பனியாற்றின் அடியில் ஒரு ஏரி இருக்கிறது. முதல் நாளுக்கு அது போதும். அடுத்த நாள் சுமார் 4,600 மீட்டரில் இருக்கும் பனி ஏரிக்கு ஏறி இறங்கலாம். நாள் இருப்பவர்கள் திலிச்சோ ஏரிக்கும் (4,919) போவார்கள். அதற்குத் தனியாக இரண்டு மூன்று நாள் வேண்டும்.

இமாலய மீட்புச் சங்கம் மனாங்கில் ஒரு மருத்துவ நிலையம் நடத்துகிறது. 1981 முதல் இருக்கிறது. பருவ காலங்களில் தன்னார்வ மருத்துவர்கள் வந்து தங்குகிறார்கள், மதியத்துக்கு மேல் உயர நோய் பற்றி ஒரு பேச்சும் நடக்கும். அதைக் கட்டாயம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அங்கேயே காட்டிக்கொள்ளலாம். இதற்குப் பிறகு கணவாய் தாண்டும் வரை இப்படி ஒரு இடம் கிடையாது.

உயர நோய் வராமலிருக்க டயாமாக்ஸ் மாத்திரை போடலாமா?

போடலாம், ஆனால் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு. அசெட்டசோலமைடு என்பதுதான் அதன் மருந்துப் பெயர். சிறுநீரகம் காரத்தை வெளியேற்றும் வேலையை அது வேகப்படுத்துகிறது. நோயை மூடி மறைக்கும் மருந்து அல்ல. வயது வந்தவர்களுக்குத் தடுப்புக்காகப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கண்டிப்பாக முன்பே சொல்ல வேண்டும். விரல் நுனியும் உதடும் ஊசி குத்துவதுபோல் சுரசுரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். பயப்பட வேண்டாம்.

மாத்திரை போட்டாயிற்று, இனி வேகமாக ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம். இரண்டும் ஏற்கெனவே திணறும் மூச்சை இன்னும் மட்டுப்படுத்தும்.

தலைவலி வந்துவிட்டது. எப்போது பயப்பட வேண்டும்?

லேசான தலைவலி, பசியின்மை, குமட்டல், சோர்வு: பலருக்கும் வரும். வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், மேலே ஏறாதீர்கள். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்து மறுநாள் சரியானால் தொடரலாம். சரியாகவில்லை என்றால் இறங்க வேண்டும். மேலே வந்த பிறகு ஏற்படும் எந்த உடல்நலக் குறைவையும், வேறு காரணம் உறுதியாகத் தெரியும் வரை, உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஏறுகிறவர்கள்தான் ஆபத்தில் சிக்குகிறார்கள்.

இரண்டு நிலைகள் உயிரைக் குடிக்கும். ஒன்று மூளையில் நீர் கோப்பது. குடித்தவர் போலத் தள்ளாடுவார், பேச்சு குழறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். தரையில் ஒரு கோடு போட்டு, ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் பெருவிரலை ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். விழப்போனால் அந்த நிமிடமே கீழே கொண்டுபோக வேண்டும். இன்னொன்று நுரையீரலில் நீர் கோப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும், இருமல் நிற்காது, முற்றினால் சளியில் இளஞ்சிவப்பு நுரை வரும். இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவதுதான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தனியாகவும் அனுப்பக் கூடாது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பியே முடிவெடுக்காதீர்கள். குளிர்ந்த விரலில் அது தப்பாகக் காட்டும். ஆளைப் பாருங்கள்.

நீங்கள் முதல் முறை ஏன் திரும்பினீர்கள்?

நேரமில்லை என்று மனாங்கில் ஒரே இரவு தங்கினேன். பீடியில் நிற்காமல் அன்றே ஹை கேம்புக்கு, சுமார் 4,880 மீட்டருக்கு, ஏறினேன். சாயங்காலம் தலையை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல் இருந்தது. சூப்பை எடுத்து வாயில் வைத்தேன், உள்ளே போகவில்லை. இரவு கழிப்பறைக்குப் போய் வந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்தேன். முடிச்சு முன்னால் இருக்கிறது, விரலும் இருக்கிறது. எந்தப் பக்கம் இழுத்தால் அவிழும் என்று மட்டும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேனோ.

அதைக் கவனித்தவர் எங்கள் போர்ட்டர். முஸ்தாங் பக்கத்துக்காரர், இருபத்திரண்டு வயது இருக்கும். ஒன்றும் சொல்லாமல் குனிந்து அந்த முடிச்சை மறுபடி இறுக்கிக் கட்டினார். 'தாய், கீழே போகலாம்' என்றார். நேபாளியில் 'தாய்' என்றால் அண்ணன். இரவு பத்து மணிக்கு ஹெட்லேம்ப் வெளிச்சத்தில், என் பையை அவர் முன்பக்கம் மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி பீடிக்கு இறக்கினார். அங்கே வந்து ஒரு மணி நேரத்தில் தலைவலி பாதியாகக் குறைந்துவிட்டது. விடிந்ததும் லேதாருக்கு இறங்கினோம். அன்று அவர் 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன் என்றே நம்புகிறேன்.

எந்த மாதம் போவது நல்லது?

அக்டோபர், நவம்பர் முதல் தேர்வு. மழைக்காலம் முடிந்து வானம் துடைத்து வைத்தது போல் இருக்கும். மார்ச் கடைசி முதல் மே நடுப்பகுதி வரை இரண்டாவது தேர்வு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனியால் கணவாய் பல நாட்கள் அடைபட்டுக் கிடக்கும், மேலே உள்ள விடுதிகளும் பல மூடியிருக்கும்.

அக்டோபர் நல்ல மாதம் என்பதற்காக அசட்டையாக இருக்க முடியாது. 2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது நமக்கு நினைவிருக்கும். நாம் அதோடு மறந்துவிட்டோம். அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து, 14ஆம் தேதி இமயமலையில் பனிப்புயலாகக் கொட்டியது. பருவத்தின் உச்சம் என்பதால் கணவாயில் கூட்டம். அன்னபூர்ணா, தவுளகிரி பகுதிகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகள் மட்டுமல்ல, நேபாளி கைடுகள், போர்ட்டர்கள், யாக் மேய்ப்பவர்களும். பலர் கணவாயைத் தாண்டி முக்திநாத் பக்கம் இறங்கும்போது, இடுப்பளவு பனியில் வழி தெரியாமல் சிக்கியவர்கள்.

எனவே வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால், அது சென்னைக்கா ஒடிசாவுக்கா என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒடிசா, ஆந்திரக் கரையைக் கடக்கும் புயல் இரண்டு நாளில் உங்கள் தலைமேல் பனியாக விழலாம். வானம் மூடி, காலையில் பனி கொட்டினால் பீடியிலேயே ஒரு நாள் உட்காருங்கள். அந்த ஒரு நாளுக்காகவே பயணத் திட்டத்தில் இரண்டு நாள் உபரியாக வைத்திருக்க வேண்டும்.

பீடியில் தங்குவதா, ஹை கேம்பிலா?

பீடியில். ஹை கேம்பில் தங்கினால் கடைசி நாள் ஏற்றம் 400 மீட்டருக்கு மேல் குறையும், உண்மைதான். ஆனால் அங்கே நன்றாகத் தூங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. லேதாரில் தலைவலி இல்லாமல் தூங்கியவர், நன்றாகச் சாப்பிடுகிறவர், வேண்டுமானால் ஹை கேம்பைப் பற்றி யோசிக்கலாம். லேதாரிலிருந்து பீடி போகும் வழியில் கல் உருளும் சரிவு ஒன்று உண்டு. அங்கே நின்று படம் எடுக்காமல், மேலே ஒரு கண் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று கடந்துவிடுங்கள்.

கடக்கும் அந்த நாள் எப்படி இருக்கும்?

மூன்று மணிக்கு எழுப்பிவிடுவார்கள். யாருக்கும் சரியான தூக்கம் இருந்திருக்காது. சாப்பாட்டு அறையில் ஹெட்லேம்ப் கட்டிய தலைகள் வரிசையாகக் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்திருக்கும். பேச்சு இருக்காது. பசிக்கவில்லை என்றாலும் சாப்பிட்டுவிடுங்கள். நான்கு, நாலரைக்குக் கிளம்ப வேண்டும். காரணம் காற்று. காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் கணவாயில் காற்று பிடிக்கும், அதற்குள் உச்சியைத் தாண்டிவிட வேண்டும்.

பீடியிலிருந்து ஹை கேம்ப் வரை வளைந்து வளைந்து ஏறும் செங்குத்துப் பாதை. இருட்டில் மேலே பார்த்தால் வெளிச்சப் புள்ளிகள் எறும்பு ஊர்வது போல் நகரும். இங்கே உங்கள் வேகம் என்ன தெரியுமா? ஒரு அடி, ஒரு மூச்சு. பக்கத்தில் ஒருவர் முந்திப் போனால் போகட்டும். ஒரே சீராக நடந்தால் அடிக்கடி நிற்க வேண்டியிருக்காது. வேகமாகப் போய் நின்று, வேகமாகப் போய் நின்று ஏறுகிறவர்கள்தான் சீக்கிரம் களைத்துப் போகிறார்கள்.

ஹை கேம்புக்கு மேலே ஏற்றம் மிதமாகிவிடும். ஆனால் ஏமாற்றும். இதோ இந்த மேடுதான் உச்சி என்று தோன்றும், ஏறினால் அடுத்த மேடு நிற்கும். அப்படி ஏழெட்டு மேடு. பனியில் வழி தவறாமல் இருக்க நட்டுவைத்த கம்பங்களைப் பார்த்துக்கொண்டே நடங்கள். சூரியன் வருவதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் குளிர் உச்சத்தில் இருக்கும். என் தண்ணீர்ப் பாட்டிலில் மேலே ஒரு விரற்கடை பனிக்கட்டி. அதனால்தான் பாட்டிலைத் தலைகீழாக வைக்கச் சொல்கிறார்கள். பனி மேலே இருக்கிற பக்கத்தில்தான் உறையும், திருப்பினால் மூடிப் பக்கம் தண்ணீராகவே இருக்கும். குழாய் வைத்து உறிஞ்சும் தண்ணீர்ப் பையை நம்பாதீர்கள், குழாய் உறைந்துவிடும்.

பிறகு திடீரென்று பாதை தட்டையாகும். பிரார்த்தனைக் கொடிகள் மூட்டை மூட்டையாகப் பறந்துகொண்டிருக்கும். வாழ்த்து எழுதிய ஒரு பலகை, கல் அடுக்கிய சின்ன டீக்கடை. பருவ காலத்தில் அந்த டீ கிடைக்கும். இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்தபோது விரல்களில் உணர்ச்சி திரும்பிய வலி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இனிப்பு தூக்கல், பால் குறைவு. அழுதுகொண்டே குடித்தேன்.

அரை மணிக்கு மேல் அங்கே நிற்க வேண்டாம். இனிதான் கஷ்டமான பாதி. முக்திநாத் வரை 1,600 மீட்டர் ஒரே இறக்கம். முழங்கால் கெஞ்சும். பனி உருகி மறுபடி உறைந்திருந்தால் வழுக்கும். நடைக்கோல் இரண்டு இல்லாமல் இந்த இறக்கத்தில் இறங்காதீர்கள். சுமார் 4,200 மீட்டரில் சராபு என்ற இடத்தில் சாப்பாட்டுக் கடைகள் வரும். பீடியிலிருந்து முக்திநாத் வந்து சேர எனக்கு ஒன்பது மணி நேரம் ஆயிற்று.

முக்திநாத் பக்கத்திலிருந்து ஏறினால் என்ன?

முக்திநாத் சுமார் 3,800 மீட்டர். அங்கிருந்து உச்சிக்கு 1,600 மீட்டரை ஒரே நாளில் ஏற வேண்டும். நடுவில் படிப்படியாகத் தங்கி ஏற வசதியில்லை. உடம்பு ஏற்கெனவே வேறு எங்காவது உயரத்துக்குப் பழகியிருந்தால் தவிர, வேண்டாம்.

என்னென்ன உடைகள் எடுத்துப் போவது?

ஒரே தடித்த கோட்டை நம்பாமல் அடுக்கடுக்காகப் போடுங்கள். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ், அதன் மேல் இறகு ஜாக்கெட், கடைசியில் காற்றும் மழையும் புகாத மேலுறை. கடக்கும் காலையில் மைனஸ் 10, சில நாள் மைனஸ் 15 வரை போகும். பருத்தி உள்ளாடை வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, நின்றவுடன் நடுக்கும். கையுறை இரண்டு அடுக்கு. பனி விழுந்திருந்தால் பூட்ஸில் மாட்டும் முள் சங்கிலி தேவைப்படும், மனாங் கடைகளிலும் கிடைக்கும். கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல. புதுப் பனியில் வெயில் பட்டால் ஒரே பகலில் கண் வெந்துபோகும். போன், ஹெட்லேம்ப் பேட்டரிகளை இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். குளிரில் சார்ஜ் காணாமல் போய்விடும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. டால் பாத் என்றால் சோறு, பருப்பு, ஒரு காய், ஊறுகாய். கேட்கக் கேட்கப் போடுவார்கள். மேலே போகப் போக அசைவத்தைத் தவிர்ப்பதே நல்லது, கறி கீழேயிருந்து சுமந்து வர வேண்டியது. 4,450 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு வேகாது. அதனால் எல்லா விடுதிச் சமையலறையிலும் பிரஷர் குக்கர் விசிலடிக்கும், அந்தச் சத்தத்தில் ஊர் நினைவு வந்துவிடும். பூண்டு சூப் உயர நோயைத் தடுக்கும் என்பார்கள். தடுக்கிறதோ இல்லையோ, சூடாக உள்ளே போகிற திரவம் என்பதால் நல்லது. வீட்டிலிருந்து பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொஞ்சம் எடுத்துப் போங்கள். பசி செத்துப்போகிற உயரத்தில் அந்த ஊறுகாய்தான் எனக்கு நாலு வாய் சோறு இறங்க வைத்தது.

அனுமதி, கைடு, போர்ட்டர்?

அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான நுழைவுச்சீட்டு வேண்டும். இந்தியா, இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60 என்ற நிலையான மாற்று விகிதம். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வருகிறவர்கள் விசா விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு நடைப்பயணிகள் உரிமம் பெற்ற கைடு வைத்துத்தான் போக வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் நேபாளத்தில் விதி இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் நான் கைடு வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன். போர்ட்டர் வைத்தால், அவருக்குக் கையுறை, கண்ணாடி, தடித்த ஜாக்கெட் இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே நீங்களே கேளுங்கள். நீங்கள் தூங்குகிற அதே குளிரில்தான் அவரும் தூங்குகிறார். உங்கள் சுமை பத்து கிலோவைத் தாண்ட வேண்டாம். உங்களுக்கான காப்பீடு 6,000 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்பைச் சேர்த்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் அது இருக்காது.

ஊரில் எப்படிப் பயிற்சி செய்வது?

வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஒரே இரவில் ஏறி இறங்கி, மறுநாள் வேலைக்குப் போக முடிகிறதா? பழனிக்குப் பாதயாத்திரை போய்ப் பழக்கமா? கால்களுக்கு அது போதுமான அடித்தளம். மூன்று மாதம் முன்பிருந்தே வாரம் ஒரு நாள் பையில் எட்டு கிலோ போட்டுக்கொண்டு ஐந்தாறு மணி நேரம் நடங்கள். மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள். இறக்கத்தில் தசைகள் வேலை செய்யும் விதமே வேறு. பூட்ஸைப் புதிதாக வாங்கிக்கொண்டு நேராக அங்கே போகாதீர்கள். இதய நோய், நுரையீரல் நோய், கர்ப்பம், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் இருந்தால் முதலில் மருத்துவர்.

பெண்கள் போகலாமா? மாதவிடாய் நாளில் கடக்க நேர்ந்தால்?

நிறையப் பெண்கள் நடக்கிறார்கள். விடுதிகளைப் பெரும்பாலும் நடத்துவதே அக்காமார்தான், 'தீதி' என்று கூப்பிட்டால் போதும். என்னோடு நடந்த தங்கை ஒருத்தி சொன்னதை அப்படியே தருகிறேன்: உயரத்தில் தேதி முன்னே பின்னே ஆகலாம், அதனால் நாப்கினைத் தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தியதை வழியில் போடாமல் மூடிய பையில் கீழே கொண்டு வாருங்கள். உடம்பு சரியாக இருந்தால் அந்த நாளிலும் கடக்கலாம், வலி அதிகமென்றால் பீடியில் ஒரு நாள் தங்குங்கள்.

இறங்கிய பிறகு முக்திநாத்தில் என்ன இருக்கிறது?

108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம் இதுதான் என்று வைணவர்கள் வழிபடுகிறார்கள். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். பௌத்தர்களுக்கும் புனித இடம், அவர்கள் சூமிக் கியாத்சா என்கிறார்கள். பக்கத்தில் ஜ்வாலா மாயி கோயிலில் பாறையிடுக்கில் இயற்கை வாயு நீலச் சுடராக எரிகிறது. காளி கண்டகி ஆற்றுப்படுகையில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்கள், கடலாக இருந்த காலத்து உயிரினங்களின் புதைபடிவங்கள்.

கோயிலின் பின்புறம் அரைவட்டமாக 108 தாரைகள், மாட்டுத்தலை வடிவக் குழாய்களில் பனியுருகிய தண்ணீர். பெரியவர்கள் பலர் ஜீப்பில் வந்து நூற்றெட்டுக்கும் தலையைக் கொடுத்து ஓடுவார்கள். கணவாயை இறங்கிய அன்றே அதைச் செய்யாதீர்கள், களைத்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது. நான் அன்று கையை மட்டும் நீட்டி ஒவ்வொரு தாரையாகத் தொட்டுக்கொண்டு போனேன். ஒரு இரவு தூங்கி எழுந்து, மறுநாள் வெயில் ஏறிய பிறகு வந்து குளித்தேன். அங்கிருந்து ஜோம்சோமுக்கு ஜீப் உண்டு. ஜோம்சோமிலிருந்து பொக்காராவுக்கு விமானம் காலையில் மட்டும்தான் பறக்கும். முன்பகல் கழிந்தால் காளி கண்டகி காற்று விடாது.